இரண்டு பெட்டை நாய்களும் ஏழு கதவுகளும்



சொல்லாய்வும் இலக்கணமும் பள்ளிச் செய்திகளுமாக எழுதிவரும் இப்பக்கத்தில் நாய்களைப் பற்றிய பதிவா எனச் சிலர் வியக்கலாம். அண்மைய மாதங்களில் மூன்று பேர் என்னிடம் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டனர். "வீட்டில் ஏற்கெனவே ஓர் அல்சேஷன் இருக்கிறது. இன்னொன்று வாங்கலாமா? இரண்டும் ஒரே பாலாக இருந்தால் அடித்துக்கொள்ளுமா?" என் அக்காள் வீட்டில் 2022 முதல் நடந்துவருவதை அவர்கள் ஓரளவு அறிவர். ஆகவேதான் என்னிடம் வருகின்றனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட ஒருமுறை முழுமையாக எழுதிவிடுவது நல்லதெனப் பட்டது.

முதலில் ஓர் இலக்கணக் குறிப்பு. (ஆசிரியன் அல்லவா, விட மனம் வரவில்லை!) நாய் அஃறிணை, 'அது வந்தது' என்பதே முறை. ஆனால் என் அக்காள் தம் நாய்களை ஒருபோதும் 'அது' என்று சொன்னதில்லை. உவப்பின் காரணமாகத் திணை மாறிவருவதை நன்னூலார் வழுவமைதியாக ஏற்றுக்கொள்கிறார். பசுவைத் தாயாக எண்ணி உயர்திணையில் பேசுவது நாம் வகுப்பில் காட்டும் எடுத்துக்காட்டு. எனவே இப்பதிவில் அவ்விரு நாய்களைப் பொறுத்தவரை அக்காளின் வழக்கையே பின்பற்றுகிறேன்.

மூத்தவள் ராணி. 2017இல் குட்டியாக வந்தவள். இளையவள் பொம்மி. 2020இல், நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், இரண்டு மாதக் குட்டியாக வந்தாள். இருவரும் ராட்வைலர். தென்மேற்கு ஜெர்மனியிலுள்ள ராட்வைல் என்னும் பழைய நகரின் பெயரால் வழங்கும் இனம் இது. அந்நகரத்துக் கசாப்புக்காரர்கள் மாடுகளை ஓட்டவும் இறைச்சி வண்டியை இழுக்கவும் இந்நாய்களைப் பயன்படுத்தினர். பெட்டையின் எடை 42 கிலோ அளவில் இருக்கும். கடுவன் 50 கிலோவைத் தொடும். மாட்டைத் தோளால் இடித்து வழிக்குக் கொண்டுவர வளர்க்கப்பட்ட நாய், தன் வழியில் நிற்கும் இன்னொரு நாயையும் தோளால் இடிக்கும். பார்ப்பவர்கள் அதை விளையாட்டு என்றே எண்ணிச் சிரிப்பார்கள்.

பொம்மியை விற்றவர், "கடுவன்கள்தாம் அடித்துக்கொள்ளும், பெட்டைகள் ஒற்றுமையாக இருக்கும்" என்று உறுதி கூறினாராம். நம் ஊரில் பரவலாக நிலவும் கருத்துதான். உண்மை வேறு. ஒரே வீட்டுக்குள் அடித்துக்கொண்ட 38 நாய் இணைகளை ஆராய்ந்த ஆய்வொன்று 2011இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. அவற்றுள் 30 இணைகள் ஒரே பாலைச் சேர்ந்தவை. 26 இணைகளில் பெட்டை ஒன்றேனும் இருந்தது. சண்டையைத் தொடங்கியது பெரும்பாலும் வயதில் இளையதும் பின்னால் வந்ததுமான நாயே. 38 என்பது சிறிய எண்ணிக்கைதான். அதுவும் மருத்துவரிடம் வந்த வழக்குகள் மட்டுமே. ஆயினும் அதைப் படித்தபோது அக்காள் வீட்டைப் பார்த்து எழுதியது போலவே எனக்குத் தோன்றியது.

முதல் சண்டை 2022இன் தொடக்கத்தில் நிகழ்ந்தது. பொம்மிக்கு அப்போது இரண்டு வயது நிரம்பவில்லை. மாலையில் அத்தானின் கார் வரும் ஓசை கேட்டதும் இருவரும் கூடத்திலிருந்து முன்வாசலுக்கு ஓடுவது வழக்கம். வாசலின் அகலம் மூன்றடி. அதில் எப்போதும் ராணிதான் முதலில் நுழைவாள். அன்று பொம்மி ஒதுங்கவில்லை. சண்டை அரை நிமிடம்கூட நீடிக்கவில்லை என்கிறார் அக்காள். ராணியின் காது கிழிந்தது. அடுத்த மூன்று மாதங்களில் மேலும் மூன்று சண்டைகள். வாசல், மாடிப்படியின் அடி, முன் இரும்புக் கதவு, மீண்டும் வாசல். ஒன்றுகூடச் சாப்பாட்டுத் தட்டின் அருகில் நடக்கவில்லை. இதைக் கவனித்துச் சொன்னவள், அப்போது ஆறாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்த அக்காள் மகள். பெரியவர்கள் யாருக்கும் அது தோன்றவில்லை.

மூன்றாவது சண்டையில் அத்தான் பொம்மியின் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்கக் கையை உள்ளே விட்டார். முன்கையில் பதினொரு தையல். கடித்தது யார் என்பது இன்றுவரை தெரியாது; இருவருக்கும் அத்தானிடம் பகை இல்லை. சண்டையின் உச்சத்தில் இருக்கும் நாய், தன்னைத் தொடுவது எதுவாயினும் அதன்மேல் திரும்பும். பழகிய கை என்று அந்நேரத்தில் அது பகுத்தறிவதில்லை. ஆகவே பெரிய நாய்களை வைத்திருப்போர் இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்: கழுத்தருகே கை போகக்கூடாது. குழாய்த் தண்ணீரை முகத்தில் பீய்ச்சலாம். ஒட்டுப்பலகையையோ பெரிய குப்பைத்தொட்டி மூடியையோ இடையில் செருகலாம். இருவர் இருந்தால் ஆளுக்கு ஒரு நாயின் பின்னங்கால்களை மேலே தூக்கி, தள்ளுவண்டியைப் பின்னோக்கி இழுப்பது போல ஒரே நேரத்தில் இழுக்கலாம். ஒருவர் மட்டும் அதைச் செய்தால், பிடிபட்ட நாய் மற்றதற்கு எளிதில் இரையாகிவிடும். பிறகு, காயம் சிறு துளையாகத் தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நாய்ப்பல்லின் துளை மேலே சிறியது. உள்ளே தசை கிழிந்து சீழ் பிடிக்கும்.

தையல் போட்டு வந்த அன்றே அத்தான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "தம்பி, வீட்டில் தலைவன் ஒருவன்தான். அது யார் என்று அவளுக்குக் காட்டாததால்தான் இந்த வினை" என்றார். தொலைக்காட்சியிலும் நண்பர்களிடமும் அவர் கேட்டறிந்த பாடம் அது. அதன்படி, பொம்மி உறுமும் ஒவ்வொரு முறையும் அவளை மல்லாத்தி, தொண்டையருகே கைவைத்து, அடங்கும்வரை அழுத்திப் பிடித்தார். அத்தான் கொடியவர் அல்லர். இரவில் அவள் காலடியில் படுத்தால்தான் அவருக்கு உறக்கம் வரும். ஆனால் அந்தப் பாடம் அப்படித்தான் கற்பித்தது. மூன்று வாரங்களில் பொம்மி உறுமுவதை நிறுத்திவிட்டாள். அத்தான் மகிழ்ந்தார். நான்காவது சண்டை உறுமல் ஏதுமின்றி வந்தது.

உறுமல் ஓர் எச்சரிக்கை. அதைத் தண்டித்தால் எச்சரிக்கை போய்விடும். அதற்குக் காரணமான உணர்வு அப்படியே இருக்கும். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 140 நாய் உரிமையாளர்களிடம் அவர்கள் கையாண்ட முறைகளைக் கேட்டனர். அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களுள் 43 விழுக்காட்டினரின் நாய்கள் பதிலுக்குச் சீறின. மல்லாத்தி அழுத்தியவர்களுள் 31 விழுக்காடு. கண்ணை உறுத்துப் பார்த்து அடக்க முயன்றவர்களுள் 30 விழுக்காடு. பத்தில் மூன்று பேரின் நாய்களைச் சீறவைக்கும் ஒரு வழியை எந்த அறிவுரைப் புத்தகமும் நமக்குப் பரிந்துரைக்கக் கூடாது.

ஆனால் பரிந்துரைத்தார்கள். அதன் வரலாறு சுவையானது. ஒரு கூட்டத்தில் யார் யாரைக் கொத்துவது என்னும் வரிசை உண்டு என முதலில் எழுதியவர் நார்வே நாட்டு ஷெல்டெரப் எப்பே; 1920களின் தொடக்கத்தில்; அவர் கண்டது கோழிகளிடம். 1947இல் ருடோல்ஃப் ஷெங்கெல் என்பவர், சுவிட்சர்லாந்தின் பாசெல் விலங்கியல் பூங்காவில் அடைபட்ட ஓநாய்களைப் பற்றி எழுதினார். அவை தலைமைக்காக ஓயாது போட்டியிடுவதாக அவர் கண்டார். அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய புகழ்பெற்ற நூல் அக்கருத்தை உலகெங்கும் கொண்டுசென்றது. நியூயார்க் மாநிலத்தில் அல்சேஷன் வளர்க்கும் நியூ ஸ்கீட் மடத்துத் துறவியர் 1978இல் வெளியிட்ட பயிற்சி நூல், மல்லாத்தி அழுத்தும் முறையைப் பரப்பியது.

பின்னர் மெக் கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் பதின்மூன்று கோடைக்காலங்கள் காட்டு ஓநாய்களோடு இருந்தார். தலைமைக்கான சண்டை ஒன்றைக்கூட அங்கே காணவில்லை. ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு தாய், ஒரு தந்தை, அவற்றின் பிள்ளைகள். பெற்றோரைப் 'போட்டியில் வென்ற தலைவர்' என்றழைப்பது பொருந்தாது என 1999இல் எழுதினார். தம் பழைய நூலை அச்சிடுவதை நிறுத்துமாறு பதிப்பாளரிடம் பல ஆண்டுகள் கேட்டுவந்தார். 2022இல் அது நின்றது. அந்தத் துறவியரும் 2002இல் வந்த திருத்திய பதிப்பில் மல்லாத்தும் முறையைக் கைவிட்டனர். தம் கருத்தைத் தாமே திரும்பப் பெற்றுக்கொள்ளும் அறிஞர் மீது எனக்கு எப்போதும் மதிப்பு உண்டு. ஆனால் திரும்பப் பெற்ற செய்தி மட்டும் அத்தானின் நண்பர்கள்வரை வந்துசேரவில்லை.

இவற்றையெல்லாம் படித்து முடித்தபோது வேறொன்று என் கண்ணில் பட்டது. ஷெங்கெல் கண்ட ஓநாய்கள் ஏறத்தாழ பத்து மீட்டர் அகலமும் இருபது மீட்டர் நீளமும் உள்ள அடைப்புக்குள் இருந்தன. ஒரே நேரத்தில் பத்து ஓநாய்கள்வரை. 200 சதுர மீட்டர். நம் நாட்டு வரிசைவீட்டு மனை 20 அடிக்கு 70 அடி என்றால் 130 சதுர மீட்டர்தான்! காட்டுக்குப் பொருந்தாத அந்த ஆய்வு, கூண்டுக்குப் பொருந்துகிறது. நம் வீடுகளோ காட்டைவிடக் கூண்டுக்கே நெருக்கமானவை. காட்டில் இளம் ஓநாய் ஒன்று முதல் மூன்று வயதுக்குள் பெற்றோரை விட்டு வெளியேறி, துணையையும் நிலத்தையும் தேடிப்போகும். பெரிய இன நாய்கள் மனத்தால் முதிர்வதும் ஏறத்தாழ அதே வயதில்தான். ஒன்றரை முதல் மூன்று வரை. குட்டியாக இருந்தபோது விட்டுக்கொடுத்தது இனி விட்டுக்கொடுக்காது. ஓநாய்க்கு அப்போது போக ஓர் இடம் உண்டு. பொம்மிக்கு முன்னால் இருந்ததோ பூட்டிய இரும்புக் கதவு. நாயும் ஓநாயும் ஒன்றல்ல என்பதை அறிவேன். ஆயினும் அவ்வீட்டில் நடந்தது தலைமைப் போட்டி என்பதைவிட, விலகிப் போக வழியில்லாத இருவரின் நெருக்கடி என்றே நான் கருதுகிறேன். எல்லாச் சண்டையும் வாசலிலும் படியடியிலும் நிகழ்ந்ததற்கு வேறு என்ன பொருள்?

நாய்களுக்குள் விட்டுக்கொடுத்தலும் முந்துதலும் இல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. உண்டு. ராணியின் தோள்மேல் பொம்மி தன் மோவாயை வைப்பாள், வாய் மூடியிருக்கும், வால் விறைத்து மேலெழும், கண் இமைக்காது. அவள் வழியை மறித்துக் குறுக்கே நிற்பாள். பார்க்கத் தெரிந்தவர்க்கு அது போதும். அந்த நொடியில் பெயர் சொல்லி ஒருவரை வேறு பக்கம் அழைத்துவிட வேண்டும். அதட்டினால் இருவரின் பதற்றமும் கூடும். மூத்தவளை ஆதரிப்பதா, வலியவளை ஆதரிப்பதா என்பதில் பயிற்சியாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனக்கு அவ்வாதத்தில் அத்தனை ஆர்வமில்லை. மூன்றடி வாசலில் இருவரும் ஒரே நேரத்தில் வந்து நிற்காதபடி செய்வதே முதல் வேலை.

நான்காவது சண்டைக்குப் பின் அவர்கள் பார்த்த கால்நடை மருத்துவர் பொறுமைசாலி. முதலில் உடலைச் சோதித்தார். ராட்வைலர்களுக்கு இடுப்புமூட்டுக் கோளாறு மிகுதி. வலியுள்ள நாய் எளிதில் எரிச்சலடையும். ராணிக்கு இலேசான தேய்மானம் இருந்தது, மருந்து கொடுத்தார். பெட்டைகள் பருவத்துக்கு வரும் நாள்களை ஒட்டிச் சண்டை மிகும் என்பதால் இருவருக்கும் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. ஆனால் அதையே முழு மருந்தாக எண்ண வேண்டாம் என அவர் முன்கூட்டியே கூறிவிட்டார். கடுவன்களிலும் அப்படித்தான். காயடித்தால் ஊர்சுற்றுவதும் சிறுநீரால் எல்லை குறிப்பதும் குறையும் அளவுக்குச் சண்டை குறைவதில்லை. மனப்பதற்றத்துக்கான மருந்துகளும் உள்ளன. அவற்றை மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாது.

அடுத்து வாய்ப்பூட்டு. தண்டனைக் கருவி என்றெண்ணி அக்காள் முதலில் முகம் சுளித்தார். கூடை போன்ற வகையைத்தான் வாங்க வேண்டும். வாயை இறுகக் கட்டும் துணி வகையை அணிந்தால் நாயால் வாய் திறந்து மூச்சிரைக்க முடியாது. நம் ஊர் வெயிலில் அது உயிருக்கே ஆபத்து. கூடைக்குள் வேகவைத்த ஈரலை வைத்து, தானாக மூக்கை நுழைக்கப் பழக்க இரண்டு வாரம் ஆயிற்று. சிங்கப்பூரில் ராட்வைலரைப் பொது இடத்துக்கு வாய்ப்பூட்டின்றி அழைத்துவருவது சட்டப்படி குற்றம். இங்கே அணிவித்துச் சென்றால் தெருவே வேடிக்கை பார்க்கிறது.

பிறகு முழுப் பிரிவு. ஆறு வாரம் ஒருவர் மற்றவரைக் காணவே இல்லை. அதன்பின் தெருவின் இருபுறமும் இணையாக நடத்தல்: அக்காள் ஒரு பக்கம், அத்தான் மறுபக்கம், காலை ஐந்தரை மணிக்கு. தொலைவை வாரந்தோறும் சற்றே குறைத்தனர். ஐந்து மீட்டர்வரை வந்தது. அதற்குமேல் குறைக்க முயன்ற இருமுறையும் பொம்மி விறைத்தாள். மருத்துவர், "இதுதான் எல்லை. இவர்கள் இனி ஒரே அறையில் இருக்கப் போவதில்லை" என்றார். இரத்தம் கண்ட, சம எடையுள்ள இரண்டு பெரிய பெட்டைகள் மீண்டும் நண்பர்களாவது அரிது. சிலருக்கு அமைகிறது, இவர்களுக்கு அமையவில்லை.

அன்றிரவுதான் அத்தான் ஒருவரைக் கொடுத்துவிடலாம் என்றார். வாங்கிக்கொள்ள ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் ஆளும் இருந்தது. நல்ல கடுமையான நாயாக வேண்டும், சங்கிலியில் கட்டிக் கிடங்கருகே போடுவதற்கு. அக்காள் அழவில்லை, சத்தம் போடவில்லை. "சங்கிலியில் கட்டுவதற்கா அவளை வளர்த்தேன்?" என்று மட்டும் கேட்டார். கருணைக்கொலை என்ற சொல்லும் ஒருமுறை அவ்வீட்டில் எழுந்தது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் 42 கிலோ நாய் குறித்து அதைப் பேசவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். மனிதரைக் குறிவைத்துக் கடிக்கும் நாயாக இருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும். நல்ல வீடு கிடைத்தால், ஒற்றை நாயாக வாழும்படி வேறொருவரிடம் கொடுப்பதும் குறையன்று. இரண்டு மாதம் தேடினர். கேட்டு வந்தவர்களெல்லாம் பொம்மியின் பல்லைத்தான் பார்த்தார்கள்.

ஒரு சனிக்கிழமை அத்தான் யாரிடமும் சொல்லாமல் கிரில் செய்பவரை அழைத்துவந்து, கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையில் ஓர் இரும்புக் கதவைப் பொருத்தினார். பிறகு மாடிப்படிக்கு ஒன்று. பின்கட்டுக்கு ஒன்று. இப்போது முன்வாசல் தொடங்கிப் பின்வாசல்வரை ஏழு கதவுகள். விதி ஒன்றே: இருவருக்கும் இடையில் எந்நேரமும் இரண்டு கதவுகள் பூட்டியிருக்க வேண்டும். ஒன்றை யாரேனும் மறந்தால் மற்றது காக்கும். குளிர்பதனப் பெட்டியின் மேல் அக்காள் மகள் ஒரு வெண்பலகை மாட்டியிருக்கிறாள். 'உள்ளே', 'வெளியே' என இரண்டு கட்டங்கள். பெயரட்டைகளை மாற்றிவிட்டுத்தான் கதவைத் தொட வேண்டும். எங்கள் பள்ளியின் கால அட்டவணைகூட அத்தனை ஒழுங்காகப் பின்பற்றப்படுவதில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மாற்றம் நாளுக்கு நான்கு முறை. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பின்போது ஒருவர் நாய்விடுதிக்குப் போவார். விருந்தினர் கதவுகளை அறியார் அல்லவா? இதனால் குடும்பமாக ஓரிரவு வெளியூர் தங்குவது அரிதாகிவிட்டது. இந்தச் சுமையைச் சொல்லாமல் நாய்ப்பாசத்தை மட்டும் சொல்வது நேர்மையன்று.

கடைசிச் சண்டை 2022 நவம்பரில். அதன்பின் இல்லை. ராணிக்கு இப்போது எட்டு வயது கடந்துவிட்டது, முகவாய் நரைத்துவிட்டது, படியேறுவதில்லை. அதனால் மாடி முழுதும் பொம்மிக்கு.

என்னிடம் கேட்ட மூவருள் ஒருவர் உடன் பணியாற்றும் ஆசிரியர். கடுவன் அல்சேஷன் ஒன்று வைத்திருக்கிறார். அதற்குத் துணையாக இன்னொரு கடுவன் வாங்க எண்ணம். வாங்குவதானால் எதிர்ப்பாலாக வாங்குங்கள், அதுவும் இருப்பதற்கு மூன்று வயது கடந்து அதன் குணம் தெரிந்தபின் வாங்குங்கள், எத்தனை நாய்களுக்கு உரிமம் கிடைக்கும் என்பதையும் உங்கள் நகராண்மைக் கழகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அவர் முகத்தில் தெளிவு பிறக்கவில்லை. போன வாரம் அக்காள் வீட்டுக்கே அழைத்துச் சென்றேன். மாலை ஐந்தே முக்காலுக்கு ராணி உள்ளே வந்து பொம்மி வெளியே போகும் மாற்றத்தை நின்று பார்த்தார். பெயரட்டை மாறியது, கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின, நான்கு நிமிடம் ஆயிற்று. அவர் எதுவும் பேசவில்லை. புறப்படும்போது அத்தானைத் தனியே அழைத்து, கிரில் செய்தவரின் தொலைபேசி எண்ணையும் ஒரு கதவுக்கு ஆன செலவையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.